சான் பிரான்சிஸ்கோ – சான் ஹோசே மின்சார ரயில்: கம்பி போட்டதில் நமக்குக் கிடைத்தது என்ன?

நாலாவது_தெரு:

நம் சான் பிரான்சிஸ்கோ – சான் ஹோசே ரயிலான கால்ட்ரெயினைப் பற்றி வீட்டு வாடகை இழையில் ஒருவர் போகிறபோக்கில் கேட்டிருந்தார்: "கால்ட்ரெயினுக்கு இவ்வளவு செலவு பண்ணி மின்கம்பி போட்டார்களே, அதே 79 மைல் வேகம்தானே?" அங்கே பதில் சொன்னால் பேச்சு திசைமாறும். அதனால் தனி இழை.

உச்ச வேகம் மாறவில்லை என்பது உண்மை. டீசல் காலத்திலும் மணிக்கு 79 மைல். 2024 செப்டம்பர் 21 முதல் முழுக்க மின்சாரத்தில் ஓடுகிற இப்போதும் 79 மைல். ஆனால் எல்லா நிலையத்திலும் நின்று போகிற லோக்கல் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சான் ஹோசே போய்ச்சேர முன்பு ஏறத்தாழ 100 நிமிடம். இப்போது 75 நிமிடத்தை ஒட்டி. தண்டவாளம் அதே, நிலையங்கள் அதே, வேக வரம்பும் அதே. அப்புறம் அந்த 25 நிமிடம் எங்கே போனது?

பெல்மான்ட்டிலிருந்து சான் கார்லோஸுக்கு ஒன்றேகால் மைல்தான் இருக்கும். பழைய வண்டியில் பெல்மான்ட் மேடையை விட்டுக் கிளம்பினால், முன்னால் இருக்கிற ஒற்றை எஞ்சின் மொத்தப் பெட்டிகளையும் உறுமிக்கொண்டே இழுக்கும். வேகம் பிடித்து முடிப்பதற்குள் சான் கார்லோஸ் வந்துவிடும். பிரேக் போட்டாக வேண்டும். புது வண்டியில் கதவு மூடிய கையோடு முதுகு இருக்கையில் பதிகிறது. மேடையின் கடைசி விளக்குக்கம்பத்தைத் தாண்டும்போதே நல்ல வேகத்தில் இருக்கிறோம். இப்படி ஒவ்வொரு நிறுத்தத்திலும் மிச்சப்பட்ட நேரம் சேர்ந்துதான் அந்த 25 நிமிடம்.

என் கட்சி இதுதான்: பக்கத்துப் பக்கத்து நகரங்களை இணைக்கிற ரயிலுக்கு உச்ச வேகம் இரண்டாம்பட்சம். கிளம்பி வேகம் பிடிக்கிற திறனும் அடுத்த வண்டி எத்தனை நிமிடத்தில் என்பதும்தான் அதன் உயிர். மறுப்பவர்கள் எழுதுங்கள்.

---

வரிக்கணக்கு:

மறுக்கிறேன். பாதியையாவது.

2004 ஜூனில் பேபி புல்லட் என்ற எக்ஸ்பிரஸ் வண்டி வந்தது ஞாபகம் இருக்கிறதா? சான் பிரான்சிஸ்கோ – சான் ஹோசே ஒரு மணி நேரத்துக்குள். டீசல் எஞ்சினை வைத்துக்கொண்டுதான் செய்தார்கள். பிரிஸ்பேன் பக்கமும் சன்னிவேல் பக்கமும் மெதுவான வண்டியைத் தாண்டிப்போகக் கூடுதல் தடம் போட்டார்கள், நிறுத்தங்களைக் குறைத்தார்கள், வேலை முடிந்தது. இன்றைய எக்ஸ்பிரஸும் அதே ஒரு மணி நேரம்தான். இதற்கு 2.44 பில்லியன் டாலர். அந்தப் பணத்தில் எத்தனை லெவல் கிராஸிங்கை மேம்பாலமாக்கியிருக்கலாம்? கேள்வி நியாயமானதா இல்லையா?

---

நாலாவது_தெரு:

நியாயமான கேள்விதான். பதிலும் உங்கள் வாக்கியத்திலேயே இருக்கிறது, "நிறுத்தங்களைக் குறைத்தார்கள்".

ஆரம்ப கால பேபி புல்லட் வழியில் நின்றது நான்கைந்து இடங்களில் மட்டும். இன்றைய எக்ஸ்பிரஸ் இரு முனைகளையும் சேர்த்து 11 நிலையங்களில் நிற்கிறது: 22ஆம் தெரு, சவுத் சான் பிரான்சிஸ்கோ, மில்பிரே, சான் மேட்டியோ, ஹில்ஸ்டேல், ரெட்வுட் சிட்டி, பாலோ ஆல்டோ, மவுன்டன் வியூ, சன்னிவேல் எல்லாம் உண்டு. இத்தனையிலும் நின்றுவிட்டு அதே ஒரு மணி நேரத்தில் போகிறது. டீசலில் இது நடக்காது.

பேபி புல்லட் வேகமாகப் போனதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்று பாருங்கள். மவுன்டன் வியூக்காரருக்கு நேரம் மிச்சம். பெல்மான்ட், சான் கார்லோஸ், லாரன்ஸ் நிலையத்துக்காரர்களுக்கு மணிக்கு ஒரு வண்டி. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு ஒரு மணி நேரம் மேடையில் உட்கார யாருக்குப் பொறுமை? காரை எடுத்துக்கொண்டு 101 நெடுஞ்சாலையில் ஏறிவிடுவார்கள். இப்போது பகலிலும் சனி, ஞாயிறிலும் அரை மணிக்கு ஒரு வண்டி. அட்டவணையைப் பார்க்காமலே வீட்டைவிட்டுக் கிளம்பலாம் என்ற நிலைக்குப் பக்கத்தில் வந்திருக்கிறோம். வார இறுதியில் கூட்டம் வேலைநாளைவிட வேகமாகக் கூடியதற்குக் காரணமும் இதுதான்.

---

சுவிட்ச்யார்டு:

மின்சாரத் துறையில் இருப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாக. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேகம் பிடிப்பதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள பிடிமானம். பழைய எஃப்40 எஞ்சினில் உந்துகிற அச்சு நான்கே நான்கு. பின்னால் வருகிற பெட்டிகளின் எடையெல்லாம் சும்மா உருள்கிறது, இழுவைக்கு உதவுவதில்லை. ஸ்டாட்லர் கம்பெனி செய்த இப்போதைய 7 பெட்டி கிஸ் வண்டியில் மோட்டார்கள் வண்டி நெடுகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. அத்தனை மோட்டார் அச்சுகளும் ஒரே நேரத்தில் தண்டவாளத்தைப் பிடித்துத் தள்ளுகின்றன.

இரண்டாவது, திறன். டீசல் எஞ்சின் தன் வயிற்றில் இருப்பதைத்தான் தர முடியும், சுமார் 3,000 குதிரைத்திறன். கம்பியிலிருந்து எடுக்கிற வண்டிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. கிளம்புகிற அரை நிமிடத்துக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இழுத்துக்கொண்டு, வேகம் வந்ததும் விட்டுவிடும்.

பிரேக் போடும்போது மோட்டாரே ஜெனரேட்டராகிக் கம்பிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகிறது. ஓட ஆரம்பித்த பிறகு அளந்து பார்த்ததில், எடுத்ததில் சுமார் 23 சதவீதம் திரும்பி வருவதாகச் சொன்னார்கள். ஆரம்ப மதிப்பீட்டைவிட மின்செலவு குறைவாக வந்ததற்கு இது முக்கியக் காரணம். அடிக்கடி நின்று கிளம்புகிற வண்டிக்குத்தான் இந்த லாபம் கிடைக்கும். 200 மைல் நிற்காமல் போகிற வண்டியில் திரும்பி வர என்ன இருக்கிறது?

கம்பியில் இருப்பது 25 கிலோவோல்ட், 60 ஹெர்ட்ஸ், மாறுதிசை மின்சாரம். சவுத் சான் பிரான்சிஸ்கோவிலும் சான் ஹோசேயிலும் ஒவ்வொரு துணைமின் நிலையம், நடுவில் ஒரு சுவிட்சிங் நிலையம், இடையிடையே மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க ஏழு சிறு நிலையங்கள். 51 மைலுக்கு மொத்தம் பத்தே பத்து. குறைந்த அழுத்த நேர்மின்சாரமாக இருந்திருந்தால் சில மைலுக்கு ஒன்று கட்ட வேண்டியிருக்கும்.

---

பறக்கும்பாதை:

சென்னையிலிருந்து எழுதுகிறேன். பல நாளாக மனதை அரிக்கிற கேள்வி. கடற்கரை – தாம்பரம் மீட்டர் கேஜ் பாதை 1931லேயே மின்சாரத்துக்கு மாறிவிட்டது. உலகத்துக்கே மின்னணுச் சில்லு செய்து கொடுத்த பள்ளத்தாக்கில் 2024 வரை டீசல் புகையா? ஏன் இவ்வளவு தாமதம், யாராவது சொல்லுங்களேன்.

---

சுவிட்ச்யார்டு:

@பறக்கும்பாதை, ரயில் யார் கையில் இருந்தது என்பதுதான் கதை.

இந்தப் பாதை 1864இல் சான் ஹோசே வரை முழுமையானது. பிறகு சதர்ன் பசிபிக் என்ற தனியார் கம்பெனியின் கைக்குப் போனது. அவர்களுக்குச் சரக்கில்தான் காசு. பயணிகள் வண்டி நஷ்டம் என்று 1977இல் சேவையையே நிறுத்த அனுமதி கேட்டார்கள். இழுத்து மூடப் பார்க்கிறவன் கம்பி போடுவானா? 1980இலிருந்து மாநில அரசு மானியம் கொடுத்து ஓட வைத்தது. கடைசியில் பாதையோரத்து மூன்று மாவட்டங்களும் சேர்ந்த கூட்டு வாரியம் 1991இல் 212 மில்லியன் டாலர் கொடுத்து பாதையையே வாங்கியது. மின்மயம் என்ற பேச்சுக்கே அதற்குப் பிறகுதான் சொந்த நிலம் கிடைத்தது.

அந்தப் பகுதியில் மின்சார வண்டியே இருந்ததில்லை என்றும் நினைக்க வேண்டாம். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சான் மேட்டியோ வரை 1903 முதல் 1949 வரை மின்சார டிராம் ஓடியது. கார் வந்தது, அது போய்விட்டது.

இன்னொரு சங்கதி உங்களுக்குப் பிடிக்கும். பார்ட் என்கிற சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி மெட்ரோ ரயில் ஓடுவது 5 அடி 6 அங்குல அகலப்பாதையில், நம்மூர் பிராட் கேஜின் அதே அளவு. கால்ட்ரெயினோ 4 அடி எட்டரை அங்குலம். மில்பிரேயில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து மேடையில் நின்றாலும் ஒன்றின் வண்டி இன்னொன்றில் ஏறவே முடியாது.

---

வரிக்கணக்கு:

பார்ட் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அது வளைகுடாவை முழுக்கச் சுற்றிவர வேண்டிய ரயில். 1961 டிசம்பரில் சான் மேட்டியோ மாவட்டம் திட்டத்தைவிட்டு விலகியது. சொன்ன காரணங்களில் ஒன்று, "எங்களுக்கு ஏற்கெனவே சதர்ன் பசிபிக் வண்டி இருக்கிறது, இன்னொன்றுக்கு எதற்கு வரி?" அந்தத் தீர்மானத்தின் விலையை அடுத்த அறுபது வருடம் இந்தப் பாதையோரத்துப் பெனின்சுலாக்காரர்கள் கொடுத்தார்கள்.

வரிக்கு எதிரானவன் என்று என்னை நினைக்கிறவர்களுக்காகவும் இதைச் சொல்கிறேன். செலவு செய்யாமல் விட்டதற்கும் கணக்கு உண்டு. ஆனால் செய்கிற செலவு சரியான வரிசையில் நடக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

---

ரெட்வுட்_வாசி:

தண்டவாளத்துக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறேன். டீசல் போனதில் எனக்கு என்ன வித்தியாசம் என்று சொல்கிறேன்.

முன்பு வண்டி வருவது தரை அதிர்விலேயே தெரியும். சமையலறை ஜன்னல் கண்ணாடி கிறுகிறுவென்று நடுங்கும். இப்போது அது இல்லை. கம்பியை உரசிக்கொண்டு ஒரு ஸ்ஸ்ஸ் சத்தம், அதோடு சரி. ஜன்னல் விளிம்பில் படிகிற கறுப்புத் தூசியும் குறைந்திருக்கிறது.

ஆனால் ஹாரன் அப்படியே இருக்கிறதே! நீளம், நீளம், குட்டை, நீளம். காலை ஐந்து மணிக்கும் அதே, நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னாலும் அதே. மின்சார வண்டிக்கு எதற்கு இவ்வளவு சத்தம்?

---

சுவிட்ச்யார்டு:

ஹாரன் எஞ்சினைப் பொறுத்ததல்ல, கேட்டைப் பொறுத்தது. ரோடும் ரயிலும் ஒரே மட்டத்தில் குறுக்கிடுகிற ஒவ்வொரு இடத்திலும், வண்டி வந்துசேர 15 முதல் 20 விநாடிக்கு முன்னால் அந்த நான்கு ஊதல்களையும் ஊத வேண்டும், குறைந்தது 96 டெசிபல் என்பது மத்திய ரயில்வே நிர்வாகத்தின் விதி. இந்தப் பாதையில் அப்படி 41 லெவல் கிராஸிங்குகள். ஓட்டுநர் இஷ்டப்பட்டு ஊதுவதில்லை.

ஊதாமல் போக வேண்டுமானால் உள்ளூர் நகராட்சி தன் செலவில் நான்கு பக்கத்துக்கும் தடுப்பு, நடுத்திட்டு என்று பாதுகாப்பைக் கூட்டி 'அமைதி மண்டலம்' என்று அறிவிக்கச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். ரயில்காரர்களிடம் முறையிட்டுப் பயனில்லை, நகர மன்றக் கூட்டத்துக்குப் போங்கள். பாலோ ஆல்டோ, மென்லோ பார்க் இரண்டும் இதற்கான வேலையில் இறங்கியிருக்கின்றன.

கேட் பேச்சு வந்துவிட்டது, இந்தத் திட்டம் இழுத்தடித்ததற்கான பெரிய காரணங்களில் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வெளியே யாருக்கும் அதிகம் தெரியாத விஷயம்.

டீசல் காலத்தில் கேட்டை எப்போது மூடுவது என்று தண்டவாளமே சொல்லும். அதில் மெல்லிய மின் சமிக்ஞை ஓடிக்கொண்டிருக்கும். வண்டி நெருங்க நெருங்க மின்மறுப்பு மாறும். மாறுகிற வேகத்தை வைத்து "இன்னும் இத்தனை விநாடியில் வந்துவிடும்" என்று கருவி கணக்குப் போடும். வேகமாக வந்தாலும் மெதுவாக வந்தாலும் கேட் மூடியிருக்கிற நேரம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். 25 கிலோவோல்ட் வந்ததும் வண்டி எடுத்த மின்னோட்டம் திரும்பிப் போவதும் அதே தண்டவாளம் வழியாகத்தான். அந்த இரைச்சலில் பழைய கருவிக்குக் காது கேட்காது.

ஆகவே கேட்டுகளின் சமிக்ஞை முறையையே மாற்றியாக வேண்டும். குறைந்தது 20 விநாடி எச்சரிக்கை கட்டாயம். அதற்காக எல்லா வண்டியும் முழு வேகத்தில் வருவதாக வைத்துக்கொண்டால், பக்கத்து நிலையத்தில் நின்று மெதுவாக வருகிற லோக்கலுக்கும் கேட் சீக்கிரமே மூடிவிடும், ரோட்டில் கார் வரிசை நீளும். இந்தச் சிக்கலைத் தீர்க்கவே வருடக்கணக்கில் ஆனது. இன்னொரு தலைவலி பூமிக்கு அடியில். 3,000க்கும் மேற்பட்ட கம்பங்களுக்குக் குழி தோண்ட வேண்டும். தோண்டிய இடத்திலெல்லாம் எந்த வரைபடத்திலும் இல்லாத குழாயும் கேபிளும்! 1860களிலிருந்து பயன்பாட்டில் இருக்கிற பாதைக்கு அடியில் யார் எதைப் புதைத்தார்கள் என்று யாருக்குத் தெரியும்.

---

ரெட்வுட்_வாசி:

நகர மன்றம் என்று யாரும் இதுவரை எனக்குச் சொன்னதில்லை. நன்றி. அடுத்த கூட்டத்துக்கு எங்கள் தெருக்காரர்களைத் திரட்டுகிறேன்.

---

வரிக்கணக்கு:

சுவிட்ச்யார்டு சொன்னது என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. 41 கேட்டையும் வைத்துக்கொண்டு, அதன்மேல் மின்சாரத்தையும் ஏற்றினார்கள். கேட் இருக்கிற வரை மணிக்கு எத்தனை வண்டி விட முடியும்? பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி இரு திசையிலும் போனால் பர்லிங்கேம் ஊரின் பிராட்வே கேட்டைக் கார் எப்போது தாண்டும்? நீங்கள் உயிர் என்று சொல்லும் இடைவெளிக்கே கேட்தான் முட்டுக்கட்டை. முதலில் அதைக் கவனித்திருக்க வேண்டும் என்கிறேன்.

---

நாலாவது_தெரு:

கேட்டுகளை எடுக்க வேண்டும் என்பதில் நமக்குள் சண்டையே இல்லை. சான் மேட்டியோவில் 25ஆம் அவென்யூ பக்கம் தண்டவாளத்தை உயர்த்தி, ஹில்ஸ்டேல் நிலையத்தையும் மேலே கொண்டுபோய் 2021இல் திறந்தார்கள். அந்த இடத்தில் இப்போது கேட்டும் இல்லை, ஹாரனும் இல்லை. பார்த்தால் ஆசையாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு இடத்துக்கும் பல நூறு மில்லியன் டாலர் ஆகிறது. மின்மயத்துக்கான மொத்தப் பணத்தையும் கொட்டினால்கூட 41இல் சிறு பகுதிதான் தீரும். மீதிக் கேட்டுகளுக்கு நடுவில் அதே டீசல் வண்டி, மணிக்கு ஒன்றாக, காலியாக ஓடிக்கொண்டிருக்கும். காலியாக ஓடுகிற ரயிலுக்காகப் பாலம் கட்டு என்று எந்த ஊர் வாக்காளர் காசு கொடுப்பார்?

கூட்டம் வந்தால்தான் பாலத்துக்கு ஆதரவு வரும். 2025 ஜூனில் முடிந்த நிதியாண்டில் பயணங்கள் 90 லட்சத்தைத் தாண்டின, முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ பாதி அதிகம். வரிசை என்று கேட்டீர்களே, என் பார்வையில் இதுதான் வரிசை.

மரம் போகிறது, அழகு கெடுகிறது என்று ஆதர்ட்டன் ஊர் மின்மயத்துக்கு எதிராக 2015இல் வழக்குப் போட்டதும் தோற்றதும் உங்களுக்குத் தெரியும். கம்பி இல்லாத பாதையில் பாலம் கட்டப் போயிருந்தால் அப்படி எத்தனை ஊர் எழுந்திருக்கும்?

---

சைக்கிள்_பெட்டி:

இடையில் புகுந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். இங்கே யாரும் சைக்கிளைப் பற்றி எழுதவில்லை!

ஒரு வண்டியில் 72 சைக்கிள் ஏற்றலாம். சைக்கிள் பெட்டிக்குள் நுழைந்தால் தடுப்புச்சட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு சைக்கிள் சாத்தியிருக்கும். ஹேண்டில் பாரில் ஒவ்வொருவரும் இறங்குகிற ஊர்ப் பெயர் எழுதிய அட்டை மாட்டியிருப்பார்கள். சன்னிவேல் அட்டைக்கு மேல் பாலோ ஆல்டோ அட்டை வரலாம், மாற்றி வைத்தால் வம்பு. அட்டை மாட்டாமல் ஏறினால் பழைய ஆட்கள் மரியாதையாகச் சொல்லித் திருத்துவார்கள்.

பழைய வண்டி கேலரி பெட்டி என்பதால் மாடி இரு ஓரமும் ஒட்டிப் போகும், நடு திறந்திருக்கும். கண்டக்டர் கீழே நடந்துகொண்டே கையை உயர்த்தி மாடிக்காரரின் க்ளிப்பர் பயண அட்டையையும் சோதிப்பார். அந்தப் பெட்டிமேல் எனக்குப் பாசம் உண்டு. ஆனால் இப்போதைய வண்டியில் நின்றுகொண்டே பக்கத்தில் இருப்பவரோடு குரல் உயர்த்தாமல் பேச முடிகிறது, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

---

தெற்குவாசல்:

எல்லாரும் சான் ஹோசேயோடு நிறுத்திக்கொள்கிறீர்கள். கில்ராய், மார்கன் ஹில் என்றும் ஊர்கள் இருக்கின்றன. சான் ஹோசேயை அடுத்த டேமியன் நிலையத்தோடு கம்பி முடிந்துவிட்டது. அதற்குத் தெற்கே தண்டவாளம் யூனியன் பசிபிக் என்ற சரக்கு ரயில் கம்பெனியுடையது, அங்கே கம்பி கிடையாது. வேலைநாளில் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்கு டீசல் வண்டி, சான் ஹோசேயில் இறங்கி மாறிக்கொள்ள வேண்டும். முன்பு ஒரே இருக்கையில் உட்கார்ந்து போகலாம். பாதையின் வடக்குப் பகுதியில் எல்லாம் நல்லது நடந்திருக்கிறது, மறுக்கவில்லை. வீட்டு விலை தாங்காமல் தெற்கே தள்ளப்பட்டவர்களுக்குத்தான் நீளமான பயணம் வாய்த்திருக்கிறது.

அந்தப் பழைய பெட்டிகள் எல்லாம் பெரு நாட்டுக்குப் போய்விட்டனவாமே?

---

சுவிட்ச்யார்டு:

ஆமாம், 90 கேலரி பெட்டியும் 19 எஞ்சினும் லிமா நகரத்துக்கு. லிமாவிலிருந்து சோசிகா வரை பயணிகள் வண்டி விடத் திட்டம். பழைய எஞ்சின்களை உடைத்துப்போட வேண்டும் என்பது இங்கே காற்றுத் தர வாரியம் மானியம் கொடுத்தபோது விதித்த நிபந்தனை. விதிவிலக்கு வாங்கித்தான் விற்றார்கள். அங்கே பஸ்ஸிலும் வேனிலும் நெரிசலில் போகிறவர்களுக்கு ரயில் கிடைத்தால் நல்லதுதான் என்பது என் கருத்து.

கில்ராய்க்குக் கம்பி இல்லாமலே போகிற பாட்டரி வண்டி ஒன்று மாநில நிதியில் ஆர்டர் ஆகியிருக்கிறது. வடக்கே கம்பியின்கீழ் ஓடும்போது சார்ஜ் ஏற்றிக்கொள்ளும், தெற்கே பாட்டரியில் ஓடும். அது வந்தால் மறுபடியும் ஒரே இருக்கைப் பயணம் சாத்தியம். ஆனால் ஒரு வண்டி சோதனைக்குத்தான் உதவும். தினசரிச் சேவைக்கு யூனியன் பசிபிக் தடத்தில் இடம் கொடுக்க வேண்டும். பேச்சுவார்த்தை அங்கேதான் நடக்க வேண்டும்.

---

புதுவரவு:

வணக்கம், இந்த மன்றத்தில் முதல் பதிவு. அம்மா ஊரிலிருந்து வருகிறார்கள். சக்கர நாற்காலியில்தான் இருப்பார்கள். மவுன்டன் வியூவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ அழைத்துப்போக ஆசை. புது வண்டி என்கிறீர்களே, மேடையிலிருந்து நேராக உருட்டிக்கொண்டு ஏற்ற முடியுமா?

---

நாலாவது_தெரு:

வாங்க. நேராக ஏற்ற முடியாது. மேடையில் சக்கர நாற்காலிக்கான காத்திருப்பிடம் என்று குறித்திருக்கும், வண்டி வருவதற்கு முன்பே அங்கே நின்றுகொள்ளுங்கள். கண்டக்டர் இறங்கிவந்து ஏற்ற உதவி செய்வார். எங்கே இறங்கப் போகிறீர்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். முக்கியமாக, 22ஆம் தெரு நிலையத்தைத் தவிர்த்துவிடுங்கள், அங்கே படிக்கட்டு மட்டும்தான். கடைசி நிலையமான நாலாவது தெரு – கிங் தெருவுக்கே போய்விடுங்கள், எல்லாம் சமதரை.

உங்கள் கேள்விதான் இந்த இழையில் யாரும் தொடாத, ஆனால் அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டிய விஷயம். மேடை உயரம் தண்டவாளத்திலிருந்து 8 அங்குலம். வண்டிக் கதவின் தளம் ஏறத்தாழ 22 அங்குலம். அந்த ஒரு முழத்துக்கும் குறைவான இடைவெளிதான் நாற்காலிக்காரரையும் குழந்தை வண்டி தள்ளுகிற தாயையும் பெட்டி தூக்குகிற பெரியவரையும் மேடையிலேயே நிறுத்திவைக்கிறது.

---

வரிக்கணக்கு:

புது வண்டி வாங்கும்போது மேடையையும் உயர்த்தியிருக்கலாமே? வரிசை என்று நான் கத்துவது இதைத்தான்.

---

சுவிட்ச்யார்டு:

இரண்டு முடிச்சு இருக்கிறது. ஒன்று, இரவில் யூனியன் பசிபிக் சரக்கு வண்டி இதே தடத்தில் ஓடுகிறது. சரக்குப் பெட்டியின் ஓரத்தில் தொற்றிக்கொண்டு போகிற தொழிலாளி மேடையில் அடிபடக் கூடாது என்று மாநிலப் பொதுப் பயன்பாட்டு ஆணையத்தின் பழைய விதி மேடையைத் தாழ்வாக வைக்கச் சொல்கிறது. அதற்கு விலக்கு வாங்க வேண்டும்.

இரண்டாவது, எந்த உயரம் என்ற சண்டை. கலிபோர்னியா அதிவேக ரயில் நிர்வாகம் இந்த மின்மயத்துக்கு 700 மில்லியன் டாலருக்கு மேல் கொடுத்திருக்கிறது, ஒருநாள் அவர்கள் வண்டியும் இதே கம்பியின்கீழ் ஓடும் என்ற திட்டத்தில். அவர்கள் வண்டிக்குத் தளம் 50 அங்குலம். அதற்காகத்தான் நம் வண்டியில் கதவை இரண்டு உயரத்தில் வடிவமைத்தார்கள். அடுத்தமுறை ஏறும்போது வெளியே நின்று பாருங்கள். கீழ்க்கதவுகளுக்குக் கொஞ்சம் தள்ளி, மேலே, இன்னொரு கதவுக்கான இடத்தை ஜன்னல் வைத்து அடைத்திருப்பது தெரியும்.

என் யோசனை: 22 அங்குலத்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு நிலையத்திலும் இரண்டு கதவளவுக்கு மட்டுமாவது முதலில் உயர்த்துங்கள். முழு மேடைக்குக் காத்திருந்தால் பத்து வருடம் போய்விடும்.

---

நாலாவது_தெரு:

முழுமையாக ஒத்துப்போகிறேன். நேரக் கணக்கிலும் இது பெரிய லாபம். ஒரு நாற்காலியை ஏற்றச் சில நிமிடம் ஆகும், பின்னால் வருகிற எக்ஸ்பிரஸும் தாமதமாகும். மோட்டார் மிச்சம்பிடித்த நேரத்தைப் படிக்கட்டு தின்றுவிடுகிறது. தரையோடு தரையாக ஏறினால் நாற்காலிக்கு ஐந்து விநாடி.

---

வரிக்கணக்கு:

சரி, பணத்துக்கு வருகிறேன். தொற்றுக்கு முன்னால் இந்த ரயில் தன் செலவில் ஏறத்தாழ 70 சதவீதத்தை டிக்கெட்டிலேயே எடுத்தது. அமெரிக்காவில் அது அபூர்வம். வீட்டிலிருந்து வேலை என்று ஆனதும் அது சரிந்தது. 2020 நவம்பரில் மூன்று மாவட்ட வாக்காளர்களும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆதரவு கொடுத்து, டாலருக்கு எட்டில் ஒரு சென்ட் விற்பனை வரியைக் கால்ட்ரெயினுக்கென்றே தந்தார்கள். நானும் ஆம் என்றுதான் போட்டேன். அதுவும் போதவில்லை. வருடத்துக்குச் சுமார் 75 மில்லியன் டாலர் பற்றாக்குறை என்கிறார்கள். 2025 அக்டோபரில் ஆளுநர் கையெழுத்திட்ட சட்டம், 2026 நவம்பரில் ஐந்து மாவட்டங்களில் புதிய விற்பனை வரியை வாக்கெடுப்புக்கு விட வழிசெய்திருக்கிறது. விற்பனை வரி ஏழையைத்தான் அதிகம் அழுத்தும். கில்ராய்க்காரர் சோப்பு வாங்கும்போதும் கட்டுவார், மின்சார வண்டி மட்டும் அவர் ஊருக்கு வராது. இதற்கு என்ன பதில்?

---

தெற்குவாசல்:

என் சார்பில் பேசியதற்கு நன்றி. ஆனால் வரியை நிராகரித்தால் என்ன ஆகும்? முதலில் வெட்டுப்படுவது வார இறுதியும் இரவு வண்டியும். அப்புறம் எங்கள் டீசல் வண்டி. எனக்கு வரியும் வேண்டும், கூடவே தெற்குச் சேவைக்கு எழுத்தில் உத்தரவாதமும் வேண்டும்.

---

நாலாவது_தெரு:

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். கம்பியும் வண்டியும் வாங்கியாகிவிட்டது. அந்தச் செலவு திரும்பாது. மணிக்கு நான்கு வண்டி ஓடினாலும் ஒன்று ஓடினாலும் கம்பத்துக்கு அதே பராமரிப்பு. ஓட்டுகிற செலவில் மிச்சம் பிடிக்கிறேன் என்று இடைவெளியை மறுபடி ஒரு மணி நேரமாக்கினால் 2.44 பில்லியனும் வீண், வரிக்கணக்கின் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இருக்காது.

சான் பிரான்சிஸ்கோ முனையிலும் ஒரு பாக்கி இருக்கிறது. வண்டி நிற்கிற இடத்துக்கும் அலுவலகங்கள் இருக்கிற நகர மையத்துக்கும் 1.3 மைல். 2018இல் திறந்த சேல்ஸ்ஃபோர்ஸ் டிரான்ஸிட் சென்டரின் அடித்தளத்தில் இந்த ரயிலுக்கென்றே கூடம் கட்டி வைத்திருக்கிறார்கள். சுரங்கம் இல்லை, தண்டவாளம் இல்லை. டீசலில் அந்தச் சுரங்கத்தை நினைத்தே பார்த்திருக்க முடியாது. மின்சாரம் வந்ததால்தான் அது வெறும் பணப் பிரச்சினையாகச் சுருங்கியிருக்கிறது.

---

வரிக்கணக்கு:

"வெறும் பணப் பிரச்சினை" 8 பில்லியனுக்கு மேல் என்கிறார்கள். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், அங்கே வருகிறேன்.

வாக்கெடுப்பு விஷயத்தில் தெற்குவாசல் சொன்ன உத்தரவாதத்தை நான் ஆதரிக்கிறேன். வண்டி இடைவெளியை அரை மணிக்கு மேல் கூட்ட மாட்டோம், தெற்குச் சேவையைத் தொட மாட்டோம், மேடை உயர்த்த இவ்வளவு ஒதுக்குவோம் என்று மூன்றையும் எழுத்தில் கொடுத்தால் என் ஓட்டு ஆம். வாரியக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச நேரம் உண்டு, வீட்டிலிருந்தே இணையத்திலும் பேசலாம். வாரியத்துக்கு அனுப்புகிற கடிதத்தின் முதல் வரைவை நான் எழுதுகிறேன். தொழில்நுட்பப் பகுதியை சுவிட்ச்யார்டு பார்த்துக்கொடுக்க முடியுமா?

---

சுவிட்ச்யார்டு:

மேடை உயரப் பகுதியை நான் எழுதித் தருகிறேன். இரண்டு கதவளவு யோசனையையும் சரக்கு விதிக்கான விலக்கையும் சேர்த்து ஒரு பக்கத்துக்குள் முடித்துவிடுவேன்.

---

புதுவரவு:

அம்மாவோடு போய்வந்த பிறகு ஏற எவ்வளவு நேரம் ஆனது, எங்கே தடங்கியது என்று எழுதுகிறேன். கடிதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.